சைக்கிள் தைனமோவில் ஒரு தோடி

சென்ற வைகாசியில் ஒருநாள் இரவு. கிளிநொச்சிக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்துப் பிள்ளையார் கோயிலில் திருவிழா. சுவாமி வெளிவீதி சுற்றிவந்து தெற்கு வீதி முடக்கிலே தரித்து நின்றபோது, பதினேழு வயதுப் பையன் ஒருவன் நாதஸ்வரத்தில் தோடி இராகத்தைத் தொடங்கினான். அவன் என் மாணவன். உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் படிக்கிறவன். வகுப்பில் அவன் குரலை நான் கேட்ட நாட்கள் மிகக் குறைவு. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். விடை தெரிந்திருந்தும் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பையனா இவன் என்று திகைத்துப்போனேன். கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் தாச்சியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். இளைஞர்கள் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற முதியவர் ஒருவர், "அச்சொட்டா இராசரத்தினம்பிள்ளைதான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

பையனின் அப்பப்பா மடத்துத் திண்ணையிலே அமர்ந்திருந்தார். அவரும் நாதஸ்வர வித்துவானே. எழுபது வயதைக் கடந்தவர். முன்பற்கள் போய்விட்டபடியால் சீவாளியை உதட்டிற் பற்றமுடியாமல், சில ஆண்டுகளுக்கு முன்னர் வாசிப்பை நிறுத்திக்கொண்டவர். நான் மகிழ்ச்சியோடு அவரருகே போய் அமர்ந்தேன். அவர் முகத்திலோ மகிழ்ச்சியைக் காணவில்லை.

"தம்பி, பெடியன் நடுவில ஒருக்கா நிப்பாட்டினவன். கவனிச்சனீங்களோ?"

"ஓம் ஐயா. மூச்செடுக்க நிண்டவனாக்கும்."

"மூச்சில்லை. அது தட்டுத் திருப்பிற இடம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்துக்கே ஒலி அடங்கும். கோயில் வீதியில் மணிக்கணக்காக விரிந்த இராகத்தை, ஒலிப்பதிவுக் கூடத்திலே அந்தச் சிறு நேரத்துக்குள் மடித்து வைத்தார் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. ஒரு பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போடவேண்டும். தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், ஒலிநாடாவிலிருந்து இன்று கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்த அந்தத் தோடியைக் கேட்டுப் பயின்ற பையன், அன்று ஊசி நின்ற இடத்திலே தானும் நின்றான். திறந்த வானத்தின் கீழ், விடியும்வரை வாசித்தாலும் தடுப்பாரில்லாத தெரு முடக்கிலே நின்றுகொண்டு, மூன்று நிமிடத்தில் நிறுத்தினான்!

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனெனில் அந்தத் தோடிக்கும் எனக்கும் பழைய உறவொன்று உண்டு.

1996ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஓடினோம். எனக்கு அப்போது எட்டு வயது. ஸ்கந்தபுரத்திலே காட்டை வெட்டிப் போட்ட கொட்டில்களில் ஒன்று எங்களுடையது. அடுத்த கொட்டில் இந்த வித்துவானுடையது. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிற் பெயர்க்கப்பட்டபோது, நாதஸ்வரத்தைச் சீலையிற் சுற்றித் தோளிற் கட்டிக்கொண்டு புறப்பட்டு, பின்னர் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தவர் அவர். மனைவியும் ஒரு மகனும் கூட வந்தார்கள். மகனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்.

அக்காலத்து வன்னி வாழ்வை இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். 1990 தொடக்கம் 2002 வரை பொருளாதாரத் தடை. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தாற் பொன், பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆகவே வானொலியில் செய்தி கேட்பதற்குச் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லிலே தைனமோவைச் சாய்த்துவிட்டு, ஒருவர் ஏறி இருந்து மிதிப்பார். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கொட்டிலிலும் சைக்கிள் மிதிக்கப்பட்டது. ஆனால் செய்திக்காக அன்று. வித்துவானிடம் ஒலிநாடாப் பெட்டி ஒன்றும் ஒரே ஒரு ஒலிநாடாவும் இருந்தன. அதிலே இருந்தது இராஜரத்தினம் பிள்ளையின் தோடி.

அவருடைய மகனும் நானும் மாறி மாறி மிதிப்போம். எனக்குக் கால் எட்டாது. சட்டத்தின் மேலே நின்றுகொண்டு மிதிப்பேன். மிதி தளர்ந்தால் நாடாவின் ஓட்டமும் தளரும். தோடி கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கிவிடும். உற்சாகத்தில் வேகமாக மிதித்தாலோ இராஜரத்தினம் பிள்ளை குழந்தைபோற் கீச்சிடுவார். "சட்சம் ஆடுது, ஒரே சீராய் மிதியுங்கோடா!" என்று கொட்டிலுக்குள்ளிருந்து குரல் வரும். ஆதார சட்சம் என்றால் என்னவென்று எந்த இசையாசிரியரும் எனக்குக் கற்பிக்கவில்லை. என் கெண்டைக்காலே அதனைக் கற்றுக்கொண்டது. பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தபோது, யாழாசிரியன், குழலோன், தண்ணுமையோன் அமைதி கூறும் பகுதிகளில் சக மாணவர்கள் உரையாசிரியர்களோடு மல்லுக்கட்டினார்கள். நானும் மல்லுக்கட்டினேன், ஆனால் சுருதி என்ற ஒன்றை மட்டும் காலால் அறிந்திருந்தேன்.

சீவாளிக்கும் தட்டுப்பாடு. நாதஸ்வரத்தின் உயிர் அதன் வாயிற் செருகப்படும் அந்தச் சிறிய நாணற் சீவாளியில் இருக்கிறது. காவிரிக் கரையில் வளரும் நாணலை வெட்டி, பதப்படுத்தி, அதனைச் செய்து அனுப்பும் குடும்பங்கள் திருவாவடுதுறையில் இருக்கின்றன. கருவி பல ஆண்டு உழைக்கும். சீவாளி சில காலந்தான் உழைக்கும். தடை நீடித்த அந்த ஆண்டுகளில் தஞ்சாவூரிலிருந்து வன்னிக்கு ஒரு சீவாளி வந்து சேர்வது எளிதா? வித்துவான் அக்கராயன் குளக்கரையிலே கிடைத்த நாணலை வெட்டிச் செய்து பார்த்தார். சுருதி நிற்கவில்லை. நிற்காத சுருதியை மூச்சை அடக்கியும் உதட்டை இறுக்கியும் அவர் இழுத்துப் பிடிப்பார். அகதிக் கொட்டில்களில் நடந்த கல்யாணங்களுக்கு அந்தச் சீவாளியோடுதான் போய் வாசித்தார். அவர் வாசித்த தோடியின் காந்தாரத்திலே ஒரு கரகரப்பு இருந்தது. அது ஒலிநாடாவில் இல்லாதது. "இது என்ன வாசிப்பு, தொண்டை கட்டின மாதிரி" என்று சிலர் முகஞ்சுழித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. இன்று எண்ணிப் பார்க்கையில், என் வாழ்நாளிற் கேட்ட மிகச் சிறந்த தோடி அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய நினைவின் மயக்கம் என்று சொல்வீர்களானால் நான் வாதாடப் போவதில்லை.

நிற்க. இராஜரத்தினம் பிள்ளையைப்பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்லமுடியாது. 1898இற் பிறந்து 1956 மார்கழியில் மறைந்த அம்மேதையை நம் வித்துவான் நேரிற் கேட்டவரல்லர். பிள்ளை மறைந்தபோது இவருக்கு நான்கு வயது. ஆயினும், பிள்ளைக்குப் பின்னர் நாதஸ்வரத்தை எடுத்த எவரும் அவருடைய நிழலைத் தாண்டாமல் அதனை ஊதியதில்லை.

அவர் என்ன செய்தார்? முன்னாளில் வழங்கியது திமிரி என்னும் குட்டை நாயனம். சுருதி உயர்ந்தது, தெருவுக்கென்றே பிறந்தது. அதிலே சுத்த மத்திமம் விரலுக்கு நேராகக் கிடைப்பதில்லை. வாசிப்பவன் தன் மூச்சை அளந்து, உதட்டால் அழுத்தி, இல்லாத சுவரத்தை உண்டாக்க வேண்டும். தோடிக்கோ சுத்த மத்திமம் இன்றியமையாதது. இந்தக் குறையோடு போராடிய இராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி என்னும் கைவினைஞரோடு சேர்ந்து, நீளங் கூடிய, சுருதி தாழ்ந்த, சுத்த மத்திமம் சரியாக ஒலிக்கின்ற பாரி நாயனத்தை உருவாக்கினார். இசை வரலாறு எழுதுவோர் பிள்ளையை வானளாவப் புகழ்வார்கள்; ஆச்சா மரத்தைக் கடைந்து, துளையிட்டு, ஒவ்வொரு துளையாகச் சரிபார்த்த அந்த ஆசாரியின் பெயரை ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோதுதான் அந்த ஊரின் பெயரையே பலர் கேள்விப்பட்டார்கள்.

கருவியை மட்டுமா அவர் மாற்றினார்? ஒத்துக்கு மாறாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். குடுமியைக் கத்தரித்தார். நீண்ட மேலங்கி அணிந்து மேடையிலே அமர்ந்தார். வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு என்ன ஆசனமோ அதே ஆசனம் தனக்கும் வேண்டுமென்றார். இதன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், நாதஸ்வரக்காரன் பிரபுக்களுக்கு முன்னால் தோளிலே துண்டு போடலாகாது, இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்றே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலமொன்றில் மதுரை சிவக்கொழுந்தின் தோள் துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்க வேண்டாமென்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி தடுத்து நின்றதைச் சுயமரியாதை இயக்கத்தார் இன்றும் சொல்வார்கள். ஒரு துண்டுக்கு இவ்வளவு போராட்டம்! இராஜரத்தினம் பிள்ளையின் நடையுடை பாவனையைச் செருக்கு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். கதிரை எப்போதும் கிடைத்தவர்களுக்கு, கதிரை கேட்பவன் செருக்கனாகவே தெரிவான்.

அவருக்குப் பின் வந்தவர்களை நோக்குவோம். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருநெல்வேலிப் பக்கத்தவர். பிள்ளையின் அருகே இரண்டாம் நாதஸ்வரமாக இருந்து வாசித்துப் பழகியவர். இரண்டாம் நாதஸ்வரக்காரனின் நிலை மிக விநோதமானது. முதல்வர் விட்ட இடத்தில் தொடங்க வேண்டும். அவர் எடுக்குமிடத்தில் விட்டுவிட வேண்டும். இடையிலே கிடைக்கும் சிறு வெளியிலே தன்னையும் காட்டவேண்டும். ஆண்டுக்கணக்காக அப்படி வாசித்தவரிடம் குருவின் பிடிகள் யாவும் இருந்தன. எனினும் குருவின் காட்டாறு அவரிடத்தில் வாய்க்காலாகி வயலுக்குப் பாய்ந்தது. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்திலே எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய ஆபேரி இழைந்தபோது, கோயில் வாசலுக்கு வராத மக்களும் நாதஸ்வரத்தைக் கேட்டார்கள்.

ஷேக் சின்ன மௌலானாவின் வழி வேறு. 1924இல் ஆந்திரத்துக் கரவதியிற் பிறந்த இஸ்லாமியர். அவருடைய முன்னோரும் பல தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்தவர்களே. ஆனால் இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு இசைத்தட்டு வழியாகவும் வானொலி வழியாகவும் அவரை ஆட்கொண்டது. கேட்டதோடு நிற்கவில்லை, தஞ்சைப் பாணியை முறையாகக் கற்பதற்குக் காவிரி நாட்டுக்கே வந்தார், பிற்காலத்தில் திருவரங்கத்தில் குடியமர்ந்தார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, அடுத்த ஆண்டு மறைந்தார். அவருடைய தோடியிலே பிள்ளை இருக்கிறார். ஆனால் அதனைப் பிள்ளையின் தோடி என்று எவரும் மயங்கமாட்டார்கள். நம் நாட்டிலே இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியையும் (1933–1975), 2003இல் மறைந்த அளவெட்டி என். கே. பத்மநாதனையும் இவ்வரிசையில் நினைக்காமல் இருக்கமுடியாது. அவர்களைப்பற்றித் தனியே எழுதவேண்டும்.

இங்கே சிறிது கடல் கடந்து செல்ல நேயர்கள் அனுமதிக்கவேண்டும். என்னோடு படித்து இப்போது ரொறன்ரோவில் உணவுச்சாலையொன்றிலே வேலை செய்யும் நண்பன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து மௌத் ஓர்கனை எடுத்து வாசித்தான். நாம் சிறுவயதில் பைலாப் பாட்டுக்கு ஊதிய அதே சாமான்தான். ஆனால் அவன் வாசித்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசை. பருத்தித் தோட்டத்துக் கூலிகளின் பிள்ளைகள் சிக்காகோவின் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்தபோது கூடவே கொண்டுபோன பாட்டு. ஜெர்மனியிலே நாட்டார் மெட்டுக்களுக்காகச் செய்யப்பட்ட அந்தப் பத்துத் துளைக் கருவியிலே, அம்மக்களின் அழுகைக்கு வேண்டிய சுவரங்கள் இல்லை. அவர்கள் மூச்சை வெளியே விடுவதைக் காட்டிலும் உள்ளே இழுத்து, நாக்காலும் தொண்டையாலும் வளைத்து, செய்தவன் வைக்காத சுவரங்களைப் பிடுங்கி எடுத்தார்கள். அதைக் கேட்டபோது எனக்குத் திமிரி நாயனத்துச் சுத்த மத்திமமும், அக்கராயன் குளத்து நாணலும் ஒருங்கே நினைவுக்கு வந்தன.

நண்பன் சொன்ன வரலாறு இது. சன்னி போய் என்று அழைக்கப்பட்ட ஜோன் லீ வில்லியம்சன், அந்தக் கருவியைப் பக்கவாத்தியமென்ற நிலையிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். 1948இல், முப்பத்துநான்கு வயதிலே, சிக்காகோவில் வழிப்பறிக்காரரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய வாசிப்பைக் கேட்டு வளர்ந்த லிட்டில் வோல்ற்றர், ஒலிவாங்கியையும் கருவியையும் சேர்த்து இரு கைகளாலும் பொத்திப் பிடித்து, ஒலிபெருக்கியின் கரகரப்பையே இசையாக்கினார். 1952இல் அவர் வாசித்த 'ஜூக்' என்னும் தட்டு கறுப்பின மக்களின் இசைவரிசையில் முதலிடம் பெற்றது. அவரும் 1968இல் இறந்துபோனார். அப்போது அவருக்கு இன்றைய என் வயது, முப்பத்தேழு. மடி வோட்டர்ஸ் என்ற பாடகரின் குழுவிலே வோல்ற்றரின் இடத்துக்குப் பின்னாளில் வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கொற்றன். 1954இற் சேர்ந்த அவர், தட்டிலே வோல்ற்றர் வாசித்தபடியே வாசிக்கவேண்டியிருந்தது. மக்கள் அதைத்தானே கேட்டுப் பழகியிருக்கிறார்கள்! வோல்ற்றரைப் போல் வாசிக்க என்னால் இயலாது, என்னை நானாக வாசிக்க விடுங்கள் என்று அவர் தலைவரிடம் கேட்க நேர்ந்தது. அதன் பின்னரே அவருடைய வழி திறந்தது. 2017வரை வாழ்ந்தார்.

இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். "கேட்டவனெல்லே? அதுதான் விசயம்" என்றார். தம் பேரன் கேட்கவில்லையே என்பது அவருடைய குறை.

அந்தக் குறை நியாயமானதுதானா என்று நான் சில நாள் யோசித்தேன். கொற்றனுக்குக் கேட்பதற்கு ஒரு தலைவன் இருந்தான். காருகுறிச்சிக்குக் குருவின் பக்கத்து ஆசனம் இருந்தது. சின்ன மௌலானாவுக்குப் போய்ச் சேர ஒரு காவிரிக் கரை இருந்தது. இந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது? என்னோடு மாறி மாறிச் சைக்கிள் மிதித்தவன் அவனுடைய தகப்பன். வளர்ந்து, தன் தகப்பனுக்கு இரண்டாம் நாதஸ்வரமாகி, வட்டாப்பளை அம்மன் பொங்கலுக்கெல்லாம் வாசித்தவன். 2009 சித்திரையில் மாத்தளனுக்கு அருகே எறிகணையில் இறந்தான். பையனுக்கு அப்போது ஒரு வயது. தவிலும் ஒலிநாடாவும் அந்த மணலிலேயே போயின. நாதஸ்வரத்தையும் பேரனையும் பெரியவர் செட்டிகுளத்து முகாம்வரை சுமந்து வந்தார். பையன் விரல் பிடிக்கும் வயதுக்கு வந்தபோது அவருக்குப் பல் இல்லை. வாயாற் பாடிக் காட்டுவார். விரலை மடக்கிக் காட்டுவார். ஊதிக் காட்ட வீட்டில் ஆளில்லை. எனவே கைத்தொலைபேசியிலிருந்த இராஜரத்தினம் பிள்ளை ஊதிக் காட்டினார்.

இவ்வளவும் நான் வெளியிலிருந்து கண்டுபிடித்த காரணங்கள். உள்ளே வேறொரு காரணம் இருந்தது. அதனை அறிவதற்கு நானே ஒரு பிழை செய்யவேண்டியிருந்தது.

ஆவணி மாதத்தில் எங்கள் பாடசாலையிலே பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினரை வாயிலில் வரவேற்க மேளம் ஒழுங்குசெய்யப்பட்டது. அமர்த்தப்பட்ட குழுவிலே ஓர் ஆள் வராமையால், எங்கள் மாணவனே நாதஸ்வரத்தோடு வந்து நின்றான். ஆசன ஒழுங்குக்குப் பொறுப்பாளன் நான். முன்வரிசை யாருக்கு, இரண்டாம் வரிசை யாருக்கு என்று அட்டைகள் எழுதிக் கதிரைகளில் ஒட்டியவன் நான். காலை எட்டு மணிக்கு வந்த மேளக்குழு, விருந்தினர் வந்து சேர்ந்த பத்தரை மணிவரை வெயிலில் நின்றது. அவர்களை இருக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் அவர்களுக்கென்று ஒரு கதிரையை என் பட்டியலில் நான் எழுதியிருக்கவேயில்லை. மாலை போட்டார்கள், மேளம் முழங்கியது, விருந்தினர் உள்ளே வந்தார், மேளக்குழு வெளியே போயிற்று. அன்று நான் மேடையில் வாசித்த வரவேற்புரையிலே 'சமத்துவம்' என்ற சொல் மூன்று முறை வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் வகுப்பிலே யாரோ "பீப்பீ" என்று ஊதிக் காட்டியிருக்கிறார்கள். இன்னொருவன் அவனுடைய சாதிப் பெயரைச் சொல்லியிருக்கிறான். ஒரே பதுங்குகுழிக்குள் ஒதுங்கியிருந்த தாய்தகப்பன்மாரின் பிள்ளைகள்! முகாமிலே ஒரே வரிசையிற் சோற்றுக்கு நின்றவர்கள் வீடு திரும்பிய பின்னர், வேலியை எழுப்புவதற்கு முன்னரே எல்லையை நினைவுகூர்ந்துவிட்டார்கள். பையன் நான்கு நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டுத்திட்டத்திற் கட்டிய, பூச்சுப் பூசாத சிறு வீடு. பெரியவர் எழுந்து எனக்குக் கதிரையைத் துடைத்து வைத்தார். அந்த வீட்டில் இருந்த கதிரைகள் இரண்டு. நான் எப்படி அதில் அமர்ந்தேன் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. என் தகப்பனார், தம்மைவிட மூத்தவரான இந்த மனிதரை ஸ்கந்தபுரத்திலே 'நீ' என்றுதான் அழைத்தார் என்பது அப்போது திடீரென நினைவுக்கு வந்தது. அவரோ எட்டு வயதுப் பிள்ளையான என்னை அன்றும் 'நீங்கள்' என்றார். இன்றும் 'நீங்கள்' என்கிறார்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வழக்கம்போல் நிலத்தைப் பார்த்தான். பேச்சை மாற்றுவதற்காக, அவனுடைய அப்பப்பா சொன்ன அந்தத் 'தட்டுத் திருப்பும் இடத்தை'ப்பற்றிச் சிரித்தபடி கேட்டேன். உனக்கே தெரியாமல் நின்றாயா என்றேன்.

"தெரியும் சேர்" என்றான். "தெரிஞ்சுதான் நிப்பாட்டினனான்."

"ஏன்?"

நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "அவரை மாதிரி அப்படியே வாசிச்சால், சனம் இராசரத்தினம்பிள்ளை எண்டு சொல்லுது. அந்த நேரம் ஒருத்தரும் நான் ஆற்றை பெடியன் எண்டு கேக்கிறேல்லை. அதுக்கு மேல வாசிச்சால் அது நான்தானே சேர்."

பெரியவர் உள்வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரனின் வாயிலிருந்து அவரும் இதனை முதன்முறையாகக் கேட்டிருக்கவேண்டும். போலச் செய்தலைப்பற்றி நானும் கூட்டங்களிற் பேசியிருக்கிறேன். மரபைப் பின்பற்றுவோர், மரபைப் புதுக்குவோர் என்று மாணவர்களைப் பட்டியல் எழுத வைத்திருக்கிறேன். பின்பற்றுகிறவன் திறமையற்றவன் அல்லது சோம்பேறி என்பதே என் எண்ணம். ஒருவன் ஒளிந்துகொள்வதற்காகவும் ஒரு மேதையின் சாயலுக்குள் புகக்கூடும் என்பது எனக்குத் தோன்றியதேயில்லை. அதிலும் எந்த மேதை? கதிரை கேட்ட மேதை. அவர் கேட்டுப் பெற்ற கதிரையின் ஓரத்தில், எண்பது ஆண்டு கழித்து, வன்னியிலே ஒரு பையன் மூன்று நிமிடம் ஒதுங்கியிருக்கிறான்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நாதஸ்வரத்தை எடுத்துவந்து பேரனின் மடியில் வைத்தார். பையன் என்னைப் பார்த்தான். சீவாளியை வாயில் வைத்து நனைத்தான். இப்போதெல்லாம் நல்ல சீவாளி கிடைக்கிறது. சிறிது நேரம் ஊதிப் பார்த்துவிட்டுத் தோடியைத் தொடங்கினான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் குறைக்கப்பட்டதா, அல்லது எனக்குக் கேட்காமற் போயிற்றா என்று தெரியவில்லை. காந்தாரத்தில் நின்று அசைத்தான். மத்திமத்தைத் தொட்டு மீண்டான். எல்லாம் பிள்ளையின் வழியே. ஊசி நிற்கும் இடம் வந்தது. நின்றான்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லில்லாத வாயால், அடுத்த பிடியைப் பாடினார். அது ஒலிநாடாவில் இல்லாத பிடி. ஸ்கந்தபுரத்துக் கல்யாணப் பந்தலொன்றிலே, நிற்காத சுருதியோடு அவர் வாசித்தது. எனக்கு அது உடனே நினைவுக்கு வந்தது. பையன் அதை வாங்கினான். முதல்முறை சறுக்கியது. இரண்டாம் முறையும் சுத்தமாக வரவில்லை. மூன்றாம் முறை அப்பப்பா பாடியதைப் பாதியிலே விட்டுவிட்டு வேறெங்கோ போனான். போன இடம் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. தைவதத்திலே தடுக்கி, திரும்பி வரத் தெரியாமல் சிறிது நேரம் அலைந்தான். பெரியவர் திருத்தவில்லை. தொடையிலே மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

பையன் அடுத்த திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தான். வணிகத்துறைக்கு மாறலாமோ என்று கேட்டான்; உயர்தரம் முடித்ததும் கொழும்பிலே வேலை தேடித் தருவதாக மாமன் சொல்லியிருக்கிறாராம். நாதஸ்வரத்தைப்பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிரவு நான் விடைபெறுகையில் படலைவரை வந்த பெரியவர் என் காலைக் காட்டிச் சிரித்தார்.

"தம்பி, பெடியன் வாசிக்கேக்க நீங்கள் மிதிச்சுக்கொண்டே இருந்தனீங்கள்."